கடல் பூங்காவுக்குப் போகும் தோழர்களுக்கு

'பொறுப்பான சுற்றுலா' என்று ஒரு மந்திரத்தை இப்போது எல்லோரும் உருப்போடுகிறார்கள். பிளாஸ்டிக் போடாதே, பவளத்தைத் தொடாதே, சத்தம் போடாதே. சரி, போடலை, தொடலை. அத்தோடு பொறுப்பு முடிஞ்சு போச்சா? ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் விடுமுறைக்கு இராமேசுவரம் பக்கம் போகிற நம் மாணவர்கள் இந்தக் கேள்வியோடு வண்டி ஏற வேண்டும்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 சின்னத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா, ஆமை எல்லாம் உள்ள இடம். காப்பாற்றப்பட வேண்டிய இடம்தான், அதில் நமக்கு மறுப்பு இல்லை. யாரிடமிருந்து காப்பது என்பதில்தான் தகராறு.

அந்தத் தீவுகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள் பாம்பன் சின்னப்பாலம் போன்ற கரையோரக் கிராமத்துப் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லி எடுப்பார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவார்கள். பாறை கிழித்துக் கை புண்ணாகும், உப்பில் கண் எரியும். பூங்கா வந்ததும் இந்தப் பெண்கள் 'அத்துமீறி நுழைந்தவர்கள்' ஆனார்கள். எடுத்த பாசி பறிமுதல், அபராதம், வழக்கு. இந்தக் கடலில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய சாதிகளில் ஒன்று கடையர். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் அவர்கள் பெயரும் இருக்கிறது. முத்து ராசாவுக்கும் வெள்ளைக்காரனுக்கும் போனது, மூழ்கியவனுக்கு மிஞ்சியது கூலி. 'உள்ளே வராதே' என்ற பலகையை நமக்கு யாரும் புதுசாகப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

கவனியுங்கள், அந்தப் பெண்கள் காட்டு தர்பார் நடத்தியவர்கள் அல்ல. மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், இரும்புச் சுரண்டி தொட மாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். பாசி அற்றுப்போனால் நாளைக்கு அடுப்பு எரியாது என்று தெரிந்தவர்களுக்கு எந்த அதிகாரி வந்து 'பேணல்' வகுப்பு எடுப்பது?

மறுபக்கம் பாருங்கள். பூங்காவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 1994இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஸ்டெர்லைட்டுக்கு நிபந்தனை போட்டது. அந்தத் தூரத்துக்குள்ளேயே ஆலை எழுந்தது, ஓடியது. 2013இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, ஆலையை ஓடவும் விட்டது. 2018 மே 22இல் மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். பெப்சி கம்பெனி வளர்க்க இறக்கிய கப்பாபைகஸ் என்ற அந்நியப் பாசி 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. பாசி பறித்த கிழவிக்கு அபராதம், பாசி பரப்பிய கம்பெனிக்குக் கம்பளம். இதுதான் இங்கே இயற்கைப் பாதுகாப்பின் சாதி.

வேலூர்க்காரனுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகுமா? பாலாறு வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. நம் தோல் கழிவு மன்னார் வளைகுடாவுக்குப் போவதில்லை. ஆனால் நியாயம் ஒன்றுதான். 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் மக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் 'மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும்' என்றது. தோல் பட்டறைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் சாகுபடிக்கு அரைகுறையாகவோ முழுசாகவோ உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்தது. 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சகதித் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். 2025 ஜனவரி 30இல், 28 வருசத்துக்கும் மேல் கழித்து, அதே உச்சநீதிமன்றம் ஈட்டுத்தொகையைக் கொடுத்து முடி என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன், தோலை விற்றவன் ஏற்றுமதியாளன். ஆற்றைக் கெடுத்தவன் யார் என்று கேட்டால் எல்லோரும் கழுவித் துடைத்த கையைக் காட்டுகிறார்கள்.

அதற்காக 'பவளம், ஆமை எல்லாம் மேல்சாதிக்காரன் பொழுதுபோக்கு' என்று நம்மில் சிலர் பேசுவதை ஏற்க முடியாது. அது சோம்பேறித்தனமான வாதம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கனவே கடலுக்குள் போய்விட்டன. பாறையை வெட்டி எடுத்தது ஒரு காரணம். பாறை அலையை உடைக்கிறது. பாறை செத்தால் முதலில் அலை அடிப்பது கரையோரக் குடிசையைத்தான், ஓட்டலை அல்ல. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அந்தச் சூட்டைக் கிளப்பியது பாசி எடுத்த கை அல்ல, ஆனால் மீனும் பாசியும் குறைந்தால் பட்டினி அந்த வீட்டில்தான்.

ஆகவே போங்கள். ஆனால் இப்படிப் போங்கள்:

1. தீவில் அனுமதி இல்லாமல் இறங்குவது சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் கேட்டு, அனுமதித்த படகில் மட்டும் ஏறுங்கள். காசு கொடுத்தால் கள்ளத்தனமாக இறக்கிவிடுகிறேன் என்பவனை நம்பாதீர்கள். மாட்டினால் படகுக்காரனின் பிழைப்பும் சேர்ந்து போகும்.

2. உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் கால் வைக்காதீர்கள். ஆள் அதிகம் என்றால் இறங்கிவிடுங்கள். கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் வடகடல். கடலுக்குப் போகலாமா என்று கரையிலுள்ள மீனவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தனுஷ்கோடியில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

3. பவளத்தில் நிற்காதீர்கள், தொடாதீர்கள். அது கல் அல்ல, உயிர். காலையும் கிழிக்கும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், குப்பையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

4. பவளக்கல், கடல் குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீர்கள். 2001இல் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நீங்கள் வாங்கினால் சிறைக்குப் போவது எடுத்த ஏழை, விற்ற முதலாளி அல்ல.

5. சாப்பாட்டையும் தங்கலையும் கிராமத்து மக்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடிக்கும் முன் அவர்களிடம் பேசுங்கள். பேசும் முன் கேளுங்கள்.

6. திரும்பி வந்து சும்மா இருக்காதீர்கள். 2006 வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, 75 வருசம் அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததை நிரூபிக்கச் சொல்கிறது. பட்டா எழுதாத கடலுக்கு எந்தத் தாளைக் காட்டுவது? கிழவிகளின் வாய்மொழியும் சாட்சிதான். அதை எழுதி எடுக்க எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். நம் கல்லூரிகளில் அவர்கள் இருக்கிறார்கள்.

பூங்காவைப் பேணும் முடிவுகளில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இடம் கொடு. அவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட கட்டுப்பாட்டைச் சட்டமாக அங்கீகரி. கழிவு விடும் ஆலையிடம் ஈட்டை வசூலி. இந்த மூன்றையும் கேட்காத 'பொறுப்பு' பொறுப்பல்ல, வெறும் ஒழுங்கு. ஒழுங்காக இரு என்று நமக்குச் சொன்னவர்களை நாம் நிறையவே பார்த்துவிட்டோம்.