எடிட்டரில் பச்சை காட்டினால் போதுமா?

“டெஸ்ட் எல்லாம் எடிட்டரிலேயே பச்சை காட்டுகிறதே, அதை எதற்கு பில்டோடு கோக்க வேண்டும்?” சின்ன மென்பொருள் குழுக்களில் இந்தப் பேச்சு ஊறிப்போய்விட்டது. எக்ளிப்ஸிலோ இன்டெல்லிஜேயிலோ ஒரு பொத்தானைத் தட்டினால் ஜேயூனிட் ஓடுகிறது, மேவன் என்ற பில்ட் கருவியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

இரண்டும் ஒரே டெஸ்ட்டைத்தானே ஓட்டுகின்றன என்பது முதல் வாதம். அப்படியில்லை. மேவனில் டெஸ்ட்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயர், கிளாஸின் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கும். பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்கவோ, ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்ஸ்’, ‘டெஸ்ட்கேஸ்’ என்று முடியவோ வேண்டும். வேறு பெயர் வைத்தால் எடிட்டரில் ஓடும். பில்டில் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியிலுள்ள ஒரு புத்தகக் கடைக்கு நூல் தேடும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘ரமணாசிரமம்’ நமக்கு 7 எழுத்து, ஜாவாவின் கணக்கில் 10. அதற்கு முன்னால் வரும் ‘ஸ்ரீ’ இன்னும் படுத்தும். அதை ‘ஸ’ வைத்தும் உள்ளிடலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றில் சிக்காது. ‘கொ’வை இருவிதமாக உள்ளிட்டாலும் யூனிகோடின் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும், ‘ஸ்ரீ’யை அது தொடாது. அதற்கென்று நாமே ஒரு வரி எழுதி, டெஸ்ட்டும் எழுத வேண்டும். அந்த டெஸ்ட்டில் தமிழ் எழுத்துகள் இருக்கும். 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்தைய பதிப்பை விண்டோஸில் வைத்து, பில்ட் கோப்பில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாமல் விட்டால், எடிட்டர் சரியாகப் படித்த அதே வரியை பில்ட் குப்பையாகப் படிக்கும். கடைக்குப் போவது பில்டில் உருவான ஜார் கோப்புதான்.

நேரம் பிடிக்கும் என்பது அடுத்த வாதம். மாறாத பகுதிக்கான டெஸ்ட்டை, இன்னொரு பில்ட் கருவியான கிரேடில் திரும்ப ஓட்டாது. டேட்டாபேஸைத் தொடுகிற டெஸ்ட்கள் நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். அவற்றைத் தனியே பிரித்து வைக்கலாம். அதற்காக யூனிட் டெஸ்ட்டைக் கழற்றுவதில் நியாயமில்லை.

சின்னக் குழுவுக்குத் தேவையில்லையாம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு முந்தைய இரவு, விடுதி முன்பதிவு நிரலில் ஒருவரே திருத்தம் செய்து அனுப்பும்போது, பொத்தானைத் தட்டச் சொல்லி நினைவூட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? பெரிய குழுவிலாவது இன்னொருவர் கேட்பார்.

அவசரத்தில் டெஸ்ட்டைத் தாண்ட வழி வேண்டும் என்றால், மேவனில் ‘ஸ்கிப்டெஸ்ட்ஸ்’ இருக்கிறது. அதைக் கையால் தட்டித்தான் தாண்ட வேண்டும்; டெஸ்ட்கள் ஓடவில்லை என்று பில்டின் பதிவிலும் நிற்கும். எடிட்டரில் தட்ட மறந்த பொத்தானுக்கு எந்தத் தடயமும் கிடையாது.