கட்டியும் கத்தியும்

சென்ற தவணையில் ஒருநாள், என் வகுப்பு மாணவன் ஒருவன் கழுத்தை அசைக்கவும் இயலாதவனாய் வந்திருந்தான். பிடரியில் ஒரு கட்டி. முதல்நாளிரவு தாயார் அதனைப் பிதுக்கிப் பார்த்தாராம். வீக்கம் மிகுந்ததே பயன். “வைத்தியசாலைக்குப் போனால் வெட்டிவிடுவார்கள், ஐயா” என்றான். இவ்வச்சம் அவனுக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் கட்டி என்பது யாதென இன்று சிறிது ஆராய்வோம்.

தோலிலுள்ள நுண்ணிய வழியொன்றினால் கிருமிகள் உட்புகுந்து பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க இரத்தத்திலுள்ள வெண்கலங்கள் திரண்டு வருகின்றன. அப்போரில் மடிந்த கலங்களும் கிருமிகளும் சிதைந்த தசையும் சேர்ந்ததே சீழ். அது பரவாதிருக்க, உடல் அதனைச் சுற்றி ஒரு மதில் எழுப்புகின்றது. நோயைச் சிறைசெய்யும் அம்மதிலே மருந்தையும் தடுத்துவிடுகின்றது. பெனிசிலின் போன்றவை இரத்தத்தின் வழியே செல்வன. சீழ்க்குழியினுள்ளோ இரத்தவோட்டம் இல்லை. ஆகவே, சீழ் திரண்ட பெருங்கட்டிக்கு முதன் மருந்து, அதற்கு வழி திறந்துவிடுதலேயாம்.

1871ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் அக்குளில் பெருங்கட்டியொன்று தோன்றியது. ஸ்கொத்லாந்திலுள்ள பல்மோரல் மாளிகைக்கு அழைக்கப்பெற்ற ஜோசப் லிஸ்டர், கிருமிகொல்லியாகிய கார்பாலிக் அமிலத்தைத் தெளிப்பித்துக் கட்டியைக் கீறினார். பின்னரும் சீழ் தேங்கக் கண்டு, சிறிய இறப்பர்க் குழாயொன்றைப் புண்ணினுள் வைத்து வடியச் செய்தார். மகாராணியார் குணமடைந்தார். முடிசூடியவருக்கும் வெட்டே மருந்தாயிற்று.

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை. கட்டி அரும்பும்போது, இளஞ்சூடான நீரில் நனைத்த சுத்தமான துணியை நாளுக்கு மூன்று நான்கு முறை ஒற்றிவரலாம். சிறு கட்டிகள் பல இதனாலேயே உடைந்து ஆறிவிடும். பிதுக்குதலும் ஊசியாற் குத்துதலும் ஆகா; அவை மதிலை உடைத்துக் கிருமியை உள்ளே துரத்துவனவாம். மூக்கிலும் மேலுதட்டிலும் தோன்றுவன மிகக் கொடியன. அவ்விடத்து நாளங்கள் மூளையைச் சூழ்ந்த நாளங்களோடு தொடர்புடையன. காய்ச்சல் கண்டாலும், செம்மை படர்ந்தாலும், நோயாளி குழந்தையாயினும் நீரிழிவுடையவராயினும், தாமதியாது வைத்தியரை நாடுக. கட்டிகள் அடிக்கடி தோன்றுமாயின் இரத்தத்திற் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும்.

அம்மாணவன் மறுநாள் வைத்தியசாலைக்குச் சென்றான். விறைக்கச் செய்தே கீறினார்கள். சில நாட்களின்பின், பாடவேளையிலே கழுத்தைத் திருப்பிப் பின்வாங்கிலிருந்தவனோடு கதைத்துக்கொண்டிருந்தான். அன்று மட்டும் நான் அவனைக் கண்டிக்கவில்லை.