பேரீச்சம்பழத்துக்கு போக வேண்டிய என்ஜின் ஓடியது... சோமனூர் தறி ஓடுமா?

சோமனூர்:
பழைய இரும்பு என்றாலே "பேரீச்சம்பழத்துக்கு போடு" என்பார்கள். சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிக்கும் அந்த கதிதான். கூலி கட்டுப்படியாகாமல், கடனை அடைக்க வழி தெரியாமல் தறியை உடைத்து எடைக்கு போட்டவர்கள் பலர். 2025 மார்ச், ஏப்ரலில் ஒரு மாதத்துக்கும் மேல் ஸ்டிரைக் நடந்து கூலி கொஞ்சம் ஏறியது. ஆனால் எடைக்கு போன தறி திரும்பி வரவில்லை.

துருப்பிடித்த மெஷினை மறுபடி ஓட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள்.

101 வருஷ காட்சிப்பொருள்

இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி என்ஜின் 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டது. 1909-ல் ஓய்வு கொடுத்தார்கள். அப்புறம் 101 வருஷம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் வெறும் காட்சிப்பொருள். உடம்பெல்லாம் துரு, பல பாகங்கள் மாயம். அதை பெரம்பூர் பட்டறையில் சரிசெய்து, 2010 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் ஓடவிட்டார்கள்.

ரகசியம் என்ன?

அகலப்பாதையில் நீராவி ரெயில் 1995-லேயே முடிந்துவிட்டது. ஆனால் வேலை தெரிந்த கை பட்டறையில் இருந்தது. இதே வகை "பேரி குயின்" என்ஜினை 1997-ல் ஓட வைத்ததும் பெரம்பூர்தான். இந்த மாதிரி என்ஜினுக்கு கடையில் ஸ்பேர் கிடைக்காது. இல்லாத பாகத்தை செய்துதான் மாட்ட வேண்டும்.

காட்சிக்கு வைத்ததால் என்ஜின் ஓடவில்லை. கை இருந்ததால் ஓடியது.

தறிக்கும் இதே கணக்குதான். கோவை அவினாசி ரோட்டில் பழைய கார்களுக்கு அருங்காட்சியகம் உண்டு, ஜவுளிக்கும் உண்டு. ஒரு தறியை கொண்டுபோய் நிறுத்துவது பெரிய விஷயமில்லை. நாடா ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறை சொல்லும் பிட்டரை எங்கே நிறுத்துவது? தறி குறைய குறைய அவருக்கும் வேலை குறைகிறது.

ரெயில்வே கையில் காசு உண்டு. கடனில் நிற்கும் தறிக்காரரிடம் போய் "பழசை காப்பாத்துங்க" என்று சொன்னால் அடிக்க வருவார். அது அவர் தலையில் கட்டுகிற வேலை இல்லை. வட்டாரத்து தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் நாலு தறியை போட்டு, வயசான பிட்டருக்கு சம்பளம் கொடுத்து, பசங்களுக்கு சொல்லித்தர வைக்கலாம். பேசின கூலி ஒழுங்காக கைக்கு வந்தாலே பாதி தறி தப்பிக்கும்.

தறியை நாளைக்குகூட வாங்கிக்கலாம். பிட்டரை எந்த கடையில் வாங்குவது?