முத்திரைக்குப் பெயரிட்டவர் யார்?

சிந்துவெளி என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவங்கள் நான்கைந்துதான். ஆடல்மகள், பூசாரி அரசன், பெருங்குளம், பசுபதி. இப்பெயர்களுள் ஒன்றேனும் அங்கு வாழ்ந்த மக்கள் வைத்ததன்று. பெருங்குளமாவது தன் வடிவைச் சொல்லும் பெயர். ஆடல்மகள் ஆடினாள் என்பதற்கு என்ன சான்று? பத்தரை சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலப் பெண் இடுப்பில் கையூன்றி நிற்கிறாள், அவ்வளவே. பூசாரி அரசன் பூசை செய்தான் என்றோ அரசாண்டான் என்றோ மொஹஞ்சதாரோவின் மண் நமக்குச் சொல்லவில்லை. இவையெல்லாம் அகழ்ந்தெடுத்தோரும் ஆய்ந்தோரும் சூட்டிய பெயர்கள். பெயரால் பெரிய கேடும் விளைந்துவிடவில்லை. பசுபதியின் கதை வேறு. அது ஒரு பெருஞ்சமயத்தின் பிறப்புச் சான்றிதழாகவே இன்று கையிற் கொடுக்கப்படுகிறது. எனவே அதனை மட்டும் சற்று நின்று நோக்குவோம்.

1928-29ஆம் ஆண்டு அகழாய்வில் எர்னஸ்ட் மக்கேயின் குழுவினருக்குக் கிடைத்த மாக்கல் முத்திரை அது. பக்கம் மூன்றரை சென்டிமீட்டர் அளவே உடையது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேடையொன்றின் மீது கால்களை மடக்கிக் குதிகால்கள் நெருங்க அமர்ந்திருக்கிறது ஓர் உருவம். கைகள் நிறைய வளையல்கள். தலையில் வளைந்த இரு கொம்புகள், நடுவே விசிறிபோல் எழும் ஓர் அணி. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. மேடையின் கீழே மான்களோ காட்டாடுகளோ, இரண்டு. மேலே ஏழு குறிகள். இவ்வளவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் கல்லில்!

1931-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த மொஹஞ்சதாரோ அறிக்கையில் ஜான் மார்ஷல் இதனைச் சிவனின் முன்வடிவம் என்றார். முகங்கள் மூன்று, இருக்கை யோகியின் இருக்கை, சூழ்ந்திருப்பவை விலங்குகள், ஆகவே பசுபதி, கொம்பும் நடுவணியும் சேர்ந்து பிற்காலத்துத் திரிசூலத்தை நினைவூட்டுகின்றன. இவையே அவருடைய காரணங்கள். மார்ஷலைக் குறைகூற நாம் வரவில்லை. எழுத்தைப் படிக்க இயலாத நிலையில், கையிலிருந்த பிற்காலச் சமயத்தைக் கொண்டு முற்காலப் பொருளை விளக்க முயன்றார். அன்று வேறு வழியும் பெரிதாக இல்லை. ஆனால் அவர் 'முன்வடிவம்' என்றதில் 'முன்' என்பதைப் பின்வந்தோர் மெல்ல உதிர்த்துவிட்டார்கள். கருதுகோள் பெயராயிற்று; பெயர் சான்றாயிற்று. 'சிந்துவெளியில் சிவ வழிபாடு இருந்தது; ஏனெனில் பசுபதி முத்திரை கிடைத்திருக்கிறது' என்னும் வாதம் வட்டமாகச் சுற்றி வருவதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

பசு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வேள்விக்குரிய பசுக்களாக வேத நூல்கள் எண்ணுவன ஐந்து: மனிதன், குதிரை, மாடு, செம்மறி, வெள்ளாடு. அமர்ந்த உருவைச் சூழ்ந்து நிற்கும் நான்கினுள் இவற்றில் ஒன்றுமில்லை. யானையும் புலியும் காண்டாமிருகமும் தொழுவத்தில் கட்டுபவை அல்லவே! புலியை ரிக்வேதம் குறிப்பிடுவதுகூட இல்லை. அவ்வேதம் கொண்டாடும் குதிரையோ சிந்துவெளி முத்திரைகளில் இல்லை. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதர்வ வேதத்தில் உருத்திரனைப் போற்றுமிடத்தில் காட்டு விலங்குகளும் அவனுக்குரியனவாக வருகின்றன. மார்ஷலின் கட்சிக்கு அது வலுவானதொரு பிடிமானம்தான். எனினும், அந்நூல் இம்முத்திரைக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பதை மறந்துவிட இயலாது.

மூன்று முகங்கள் என்பதும் ஐயத்திற்குரியது. 1970களின் நடுவில் டோரிஸ் சீனிவாசன், அது மனித முகமே அன்று, மாட்டினத்து முகம் என்று வாதிட்டார். பக்கவாட்டு முகங்களாகத் தோன்றுபவை அவர் பார்வையில் காதுகள். 1978-இல் ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் கொம்புகளை எருமைக் கொம்புகளாகக் கண்டு மகிடனின் திசைக்கே சென்றுவிட்டார். சிவனைத் தேடிப் போன இடத்தில் தேவியின் பகைவன் எதிர்ப்பட்ட கதை! அஸ்கோ பர்போலாவோ, இவ்விருக்கையை ஈரான் நிலத்துத் தொல் ஈலாமிய முத்திரைகளில் மனிதரைப்போல் அமர்ந்திருக்கும் காளைகளோடு ஒப்பிட்டார். இவர்களுள் எவர் கூற்று முடிந்த முடிபு என்று நாம் தீர்ப்புரைக்கப் புகவில்லை. ஒரே கல்லில் தேர்ந்த கண்கள் இத்தனை வேறு உருவங்களைக் காண்கின்றன என்பதே நமக்குப் போதும்.

கால இடைவெளியோ இன்னும் கடினமானது. முதிர்ந்த சிந்துவெளி நகரங்களின் காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை. சிவனுடையது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மிகப் பழைய திருவுருவங்களுள் ஒன்று, திருப்பதிக்கு அருகிலுள்ள குடிமல்லம் இலிங்கம்; கிறித்துவுக்கு முந்தைய கடைசி சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. இடையில் பதினாறு நூற்றாண்டுகளுக்குக் குறையாத வெளி. ரிக்வேதத்தின் உருத்திரனுக்கோ முழுமையாக உரிய பாடல்கள் மூன்றே. அந்தச் சிறு தெய்வம் சுவேதாசுவதர உபநிடதத்தில் முழுமுதற் பொருளாக உயர்ந்த வரலாறு எவ்வளவு சுவையானது! அதனை விட்டுவிட்டு, எல்லாம் தொடக்கத்திலேயே முழுமையாக இருந்தன என்றால், வளர்ச்சி என்பதற்கே இடமில்லாமல் போகிறது.

இதில் இத்தனை பதற்றம் ஏன்? பழமை இந்நாட்டில் நிலப்பட்டாவாகிவிட்டது. யார் முதலில் வந்தாரோ அவருக்கே வீடு, மற்றவரெல்லாம் வாடகைக்குடி. வேதத்தார்க்குச் சிந்துவெளி வேண்டும்; குதிரை இல்லாதது குறையாகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த நூலொன்று, உடைந்த ஒற்றைக்கொம்பன் முத்திரையின் பின்பகுதியைக் குதிரையாகக் காட்டியது. அதே ஆண்டில் 'ஃப்ரண்ட்லைன்' இதழில் அது அம்பலமாயிற்று. தமிழர்களாகிய நாமும் இப்பட்டாப் பந்தயத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். சிந்துவெளியார் பேசியது திராவிட மொழி என்னும் கருத்து தகுதியுடையது. பர்போலாவும் ஐராவதம் மகாதேவனும் வாழ்நாள் உழைப்பை அதற்கு ஈந்தவர்கள். ஆனால் 1977-இல் குறியீட்டுத் தொகுப்பை வெளியிட்ட மகாதேவனின் பொறுமை, அவரை மேற்கோள் காட்டும் மேடைகளில் இருப்பதில்லை. சராசரி ஐந்து குறிகளே கொண்ட வாசகங்கள் அவை. 2025 சனவரியில் தமிழக அரசு பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்த பின்னரும் அனைவரும் ஏற்கும் வாசிப்பு ஏதும் வந்துவிடவில்லை.

மரபணுவைக் கொண்டு வருவோரும் உண்டு. 2019-இல் ராகிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து பெற்ற மரபணுவில் யுரேசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை என்று தெரிந்தது. அவ்வாண்டே வந்த இன்னொரு பெரும் ஆய்வு, அக்கலப்பு கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் முற்பாதியில் நேர்ந்தது என்றது. மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றுக்கு இவை விலைமதிப்பற்றவை. ஆனால் அப்பெண் மாலையில் எத்தெய்வத்தின் முன் கைகூப்பினாள் என்பதை எலும்பு சொல்லாது.

அப்படியானால் தொடர்ச்சியே இல்லையா? இருக்கிறது, நாம் தேடாத இடங்களில் இருக்கிறது. மொஹஞ்சதாரோவின் இன்னொரு முத்திரையில் அரசமரத்தின் நடுவே கொம்புடைய ஓர் உருவம் நிற்கிறது. எதிரே மண்டியிட்ட ஒருவர். கீழே ஏழு உருவங்கள் வரிசையாக. அரசிலை அக்காலப் பானைகளிலும் படர்ந்திருக்கிறது. பலுச்சிஸ்தானத்து நௌஷாரோவில் கிடைத்த, நகரங்களுக்கும் முற்பட்ட மண்பாவைப் பெண்களின் தலைவகிட்டில் செவ்வண்ணம் இருக்கிறது. இவற்றைக் கண்டு நெஞ்சு சற்று நெகிழ்வதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆனால் இவை மரத்தடிப் பழக்கங்கள், வீட்டுப் பழக்கங்கள். வேதம் மாறினும் மொழி மாறினும் பெண்கள் கையில் தப்பிப் பிழைக்கக்கூடியவை. இவற்றுக்குத் தத்துவமோ தலைமைக் கடவுளோ தேவையில்லை. அதனாலேயே மேடைகளில் இவை பேசப்படுவதுமில்லை.

இந்து என்னும் பெயரே சிந்து நதியின் பாரசீக உச்சரிப்பிலிருந்து வந்தது. அது ஒரு நிலத்தின் பெயராக இருந்து நெடுங்காலம் கழித்தே சமயத்தின் பெயராயிற்று. அச்சமயம் எங்கே தொடங்கியது என்று கேட்பது, திருவரங்கம் கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று கேட்பதை ஒக்கும். அதன் தெற்கு இராசகோபுரம் நிறைவுற்றது 1987-இல். அதற்காக அக்கோயில் புதியது என்பாரும் இல்லை, கருவறை பழையது என்பதால் கோபுரமும் பழையது என்பாரும் இல்லை.

நாம் கேட்பது சிறியதே. பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் அம்முத்திரையின் கீழ் 'கொம்புத் தலையணியுடன் அமர்ந்த உருவமும் விலங்குகளும், மொஹஞ்சதாரோ, கி.மு. 2600–1900' என்று மட்டும் எழுதட்டும். அடுத்த வரியில், மார்ஷல் இதனைச் சிவனின் முன்வடிவமாகக் கருதினார் என்றும், மறுத்தோர் உண்டு என்றும் சேர்க்கட்டும். கண்ணாடிப் பேழையின் முன் வந்து நிற்கும் பிள்ளை, விடையைப் படித்துவிட்டு நகராமல், அந்தக் காண்டாமிருகம் அங்கே என்ன செய்கிறது என்று ஆசிரியரைக் கேட்கட்டும்.