நிலையாமை என்னும் பழி

இக்காலத்து இளைஞருக்கு ஓரிடத்தில் நிலைத்து உழைக்கத் தெரியவில்லை என்னும் குறை, ஆசிரியர் அறை முதல் திருமண மண்டபம் வரை ஒலிக்கின்றது. தாத்தா நாற்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் பால்மரம் சீவினார். பேரனோ ஆண்டுக்கொரு கம்பெனி மாறுகிறான் என்று பெரியோர் சலித்துக்கொள்வர்.

தாத்தாவின் நிலைப்பைப் புகழ்வோர் அதன் காரணத்தை எண்ணிப் பார்த்ததுண்டா? மலாயாத் தோட்டங்களில் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விடவேண்டும். பிள்ளையின் பள்ளியும் குலதெய்வத்தின் கோயிலும் அதனோடு போகும். அதற்கும் முந்திய ஒப்பந்தக் கூலி, தவணை முடியுமுன் ஓடினால் சட்டத்தின் முன் குற்றவாளி. அம்முறை 1910இல் ஒழிந்தது. கட்டு மட்டும் வேறு உருவில் நீடித்தது. போக்கிடம் இல்லாமையை விசுவாசம் என்று பெயரிட்டுப் பேரனுக்குப் பாடமாக வைப்பது எவ்வகை நியாயம்?

பேரனை அக்கட்டு பிணிக்கவில்லை. முதலாளி மாறினாலும் ஊழியர் சேமநிதிக் கணக்கு அவனோடு செல்லும். இருந்த இடத்திலேயே இருந்தால் ஆண்டுக்கு ஐம்பது வெள்ளி உயரும் சம்பளம், அடுத்த கம்பெனியில் ஒரே நாளில் முந்நூறு உயருமானால் அவன் ஏன் இருக்கவேண்டும்? ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பாலம் கடப்பவனைக் கேட்டால், சிங்கப்பூர் வெள்ளி ஒன்று இங்கே மூன்றுக்கு மேல் என்பான். பாதுகாவல், துப்புரவு போன்ற குத்தகை வேலைகளில் இருப்பவன் நிலை இன்னும் கொடிது. குத்தகை கைமாறியதால் வெளியேறியவனையும் ஊர் 'நிலையில்லாதவன்' என்றே கணக்கிடுகிறது.

மாறுவதில் இழப்பே இல்லையென்பதன்று. தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், அதன்மேல் 12, ஐந்து ஆண்டு நிறைந்தால் 16. பதினெட்டு மாதத்துக்கொரு முறை மாறுபவனுக்குச் சட்டம் தரும் விடுப்பு என்றும் 8 நாளே. பன்னிரண்டு மாதம் நிறையாதவனுக்கு ஆட்குறைப்பு நேர்ந்தால் சட்டப்படியான இழப்பீடும் கிடையாது.

இக்கணக்கை இளைஞனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்? விசுவாசத்தைப் பற்றிக் கட்டுரை எழுத அவனைப் பழக்கியவர்கள், சம்பளச் சீட்டைப் படிக்கப் பழக்கவில்லை. ஐந்தாம் படிவம் முடித்தவன், சோதனைக் காலம் எத்தனை மாதம், முன்னறிவிப்பு எத்தனை வாரம் என்று பாராமலே நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுகிறான்.