வீங்கின காலும் மூடின வாயும்

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதும் டாக்டர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. எழுதிவிட்டு, அது உடம்பில் என்னென்ன செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறவர்களோடுதான் சண்டை.

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். அம்லோடிபின் மாத்திரை தின்னத் தொடங்கிய இரண்டு மாதத்தில், சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போயிற்று. டாக்டரிடம் காட்டினார். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. வீக்கம் வடியவில்லை, ராத்திரி நாலு தடவை எழுந்து போகிற வேலைதான் மிச்சம். தூக்கமில்லை என்றார், தூக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் விழுங்கிக்கொண்டு, "ஏனுங்க, கிட்னி கெட்டுப் போச்சுங்களா?" என்று என்னைக் கேட்கிறார்! நாவல் எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது?

விஷயம் ஒன்றும் பரம ரகசியமல்ல. அம்லோடிபின் சிறு தமனிகளைத் தளர்த்தி விரிக்கிறது. கொதிப்பு தணிவது அதனால்தான். ஆனால் ரத்தம் திரும்பிப் போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. பி.ஏ.பி. வாய்க்காலில் மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலைக் குறுகலாகவே வைத்திருந்தால் வரப்பு கசியாதா? அந்தக் கசிவுதான் காலில் இறங்குகிறது. உடம்பில் நீர் மிகுந்து வந்த வீக்கமல்ல. ஆகவே நீர் பிரிக்கும் மாத்திரை அதற்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஐந்து மில்லிகிராமைவிடப் பத்து மில்லிகிராமில் வீக்கம் அதிகம். அளவைக் குறைக்கலாம், வேறு ஜாதி மருந்துக்கு மாற்றலாம். இதயமும் சிறுநீரகமும் கெட்டாலும் கால் வீங்கும் என்பதால் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவசியம். அதற்கும் நோயாளி வாய் திறந்தாக வேண்டுமே.

எனலாப்ரில் கதை இன்னும் வேடிக்கை. அதைத் தின்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தேங்காய் நார்த் தூசியும் இருக்கும்போது மாத்திரையை யார் சந்தேகிப்பார்கள்? ஆடாதொடைக் கஷாயம், இருமல் மருந்து, எக்ஸ்ரே, காசநோயோ என்ற பயம் எல்லாம் வரிசையாக வரும். மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடுகிற இருமல் அது.

மருந்தின் விளைவைப் புது வியாதி என்று எண்ணி அதற்கும் மருந்து கொடுக்கும் இந்தச் சங்கிலியை 1997-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எடுத்துச் சொன்னார்கள். அம்லோடிபின் வகை மருந்து தொடங்கிய முதியவர்களுக்கு, மற்றக் கொதிப்பு மருந்து தொடங்கியவர்களைவிட நீர் மாத்திரை அதிகமாக எழுதப்படுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து 2020-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஆக, பொள்ளாச்சியை மட்டும் குறை சொல்லவில்லை.

"சொன்னால் ஜனங்கள் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்" என்று ஒரு சமாதானம் உண்டு. சொல்லாவிட்டால் நிறுத்தாமலா இருக்கிறார்கள்? ரத்தக் கொதிப்பு வலிக்காது, சுடாது. நன்றாக நடமாடிய மனுஷனுக்கு மாத்திரை தின்றபின் கால் வீங்கினால் அவன் எதைக் குற்றவாளியாக்குவான்? சத்தமில்லாமல் நிறுத்துவான். மறுமாதம் டாக்டர் கேட்டால், "தவறாம சாப்பிடறனுங்க" என்பான். நம் பக்கத்து மரியாதை அப்படி. கருவியில் கொதிப்பு ஏறி நிற்கும். டாக்டர் அளவை இரட்டிப்பாக்குவார்! குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் கொதிப்பு முன்னைவிட எகிறும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் உலகுக்கு எழுதிக் காட்டினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை நெடுநாள் பெரிய அளவில் தின்றவர்களில் சிலருக்கு மனச்சோர்வு கண்டதாக 1954-லேயே எழுதினார்கள். அது எவ்வளவு தூரம் மருந்தின் வேலை என்று பிற்பாடு தர்க்கம் நடந்தது. நடக்கட்டும். யாரோ ஒரு நோயாளி "மனசு சரியில்லை" என்று சொன்னதையும், யாரோ ஒரு டாக்டர் அதைக் காது கொடுத்துக் கேட்டதையும் வைத்துத்தானே அந்தத் தர்க்கமே பிறந்தது?

மருந்துக் கடைக்காரர் பத்து மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் நறுக்கிக் கொடுக்கிறார். துண்டில் பாதிப் பெயர்தான் நிற்கும், அதுவும் இங்கிலீஷில். விளைவு விவரம் தமிழில் எழுதிய சீட்டு எதையும் என் கையில் யாரும் கொடுத்ததில்லை. விளைவுகளை நோயாளியே தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. 1800-180-3024 என்று கட்டணமில்லாத போனும் உண்டு. எந்தக் கடைச் சுவரில் அந்த நம்பர் ஒட்டியிருக்கிறது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்களிடம் நம் பெரியவர்கள் டாக்டரிடம் பேசுவதைவிட மனம்விட்டுப் பேசுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து, "காலு வீங்குதுங்களா? இருமல் வருதுங்களா? எந்திரிச்சா தலை சுத்துதுங்களா?" என்று அவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டு போகட்டும், டாக்டர் அந்தக் குறிப்பைப் படித்த பிறகு அடுத்த மாத்திரையை எழுதட்டும்.