பெட்டி பொய் சொல்லாது!



காலேஜ் கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருப்போம். தெரு முனையில் கார் திரும்புவதற்கு முன்பே 'தொம்... தொம்...' என்று சத்தம் வந்துவிடும். டீ கிளாஸ் அதிரும். "செம சவுண்டுடா மச்சி!" என்பான் நம்ம ஆள் ஒருத்தன். போன வருடம் வரை நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. அது நல்ல சவுண்டு இல்லை, மோசமான பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நல்ல ஸ்பீக்கரின் அழுகை!

"ஆண்டு மலர் என்றால் தேசிய ஒருமைப்பாடு, சுற்றுச்சூழல் என்று எழுத வேண்டியதுதானே? இவன் என்ன ஊஃபர் பெட்டியைப் பற்றி எழுதுகிறான்?" என்று முணுமுணுக்காதீர்கள். நான் சொல்ல வருவது நம் டிப்ளமோவைப் பற்றி.

ஃபைனல் இயர் புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? பணத்தைக் கட்டினால் மாடல் வரும், பைண்டிங் போட்ட ரிப்போர்ட் வரும், வைவாவில் கேட்கும் கேள்விக்குப் பதில்கூட டைப் அடித்து வரும். படித்ததை எல்லாம் சேர்த்து நாமாகச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை அது. அதையும் காசு கொடுத்து வாங்கினால் நம்மிடம் மிச்சம் என்ன? சர்டிபிகேட் மட்டும்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், எங்கள் டீமும் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிய டீம்தான்.

தடுத்தது என் நண்பனின் மாமா. டாக்சி ஓட்டுகிறவர். ஆசைப்பட்டு காரில் பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர் வைத்திருந்தார். "சத்தம் வருதுப்பா, பாட்டு வரல. நீங்க பாலிடெக்னிக்லதானே படிக்கிறீங்க? என்னன்னு பாருங்களேன்" என்றார். மூன்று பேரும் டிக்கியைத் திறந்து பார்த்தோம். ஒன்றும் புரியவில்லை. ஐந்து செமஸ்டர் முடித்த மூன்று பேர்! அன்றைக்குப் பட்ட வெட்கம்தான் எங்கள் புராஜெக்ட். கைடு சார் முதலில் சிரித்தார். பிறகு, "காத்து கசியாம ஒரு பெட்டி செஞ்சு காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

முதலில், ஊஃபருக்குப் பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர், அதாவது காரை விட நீளம். அதனால் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி இல்லாமல் ஊஃபரைக் கையில் பிடித்துப் பாருங்கள், பேஸ் காணாமல் போயிருக்கும்.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை வைத்தே சின்னப் பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தார். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும் பெட்டி செய்வதைக் குருட்டு அதிர்ஷ்டத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தன. இன்றைக்கு ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும் எஃப்.எஸ்., வாஸ், க்யூ.டி.எஸ். என்ற மூன்று எண்களும் அந்தக் கணக்குதான். நாம் அந்தத் தாளைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறோம்!

மாமாவின் ஸ்பீக்கருக்கு எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், வாஸ் 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.5. கணக்கு சுலபம். வாஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்க வேண்டும். 0.7 பக்கம் விடை வந்தால் பேஸ் மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும். அவரிடம் இருந்தது 20 லிட்டர் ரெடிமேட் பெட்டி. விடை 1.0. ரெசொனன்ஸ் 56 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. அங்கே ஒரு முட்டு, அதற்குக் கீழே சரிவு. போதாததற்குப் பலகையும் மெலிசு, அதுவும் சேர்ந்து அதிர்ந்தது. தவில் அடித்தாலும் 'தொம்', கிடார் வாசித்தாலும் 'தொம்'! அதே ஊஃபரை 60 லிட்டரில் வைத்தால் விடை 0.707, ரெசொனன்ஸ் 40 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபயரையோ மாற்ற வேண்டாம், பெட்டியை மாற்றினால் போதும்.

18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை வாங்கினோம். வெளி அளவு 70, 38, 32 சென்டிமீட்டர். உள்ளே கிட்டத்தட்ட 65 லிட்டர் வரும். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் தாங்குகட்டையும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 60. கணக்கில் நூற்றுக்கு நூறு! ஆனால் கை வேலையில்? துளை போடாமல் பலகையின் ஓரத்தில் ஸ்குரூவை ஏற்றினோம், பலகை பிளந்தது. மறுபடி வாங்கி, முதலில் துளை, பிறகு பசை, பிறகு ஸ்குரூ என்று செய்தோம். மாட்டி முடித்துக் கூம்பை மெதுவாக அழுத்தி விட்டோம். காற்று கசியாத பெட்டியில் அது நிதானமாகத்தான் திரும்பி வர வேண்டும். எங்களுடையது 'டக்' என்று வந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டி, ஒருவன் கூம்பை அழுத்த, புகை எங்கே ஆடுகிறது என்று பார்த்தோம். ஒயர் வரும் டெர்மினல் பக்கம் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று. அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி சோதித்தோம். முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் மார்க்குக்காக ஏனோதானோ என்று அறுத்த அந்த லேப் ஜாயின்ட்டை அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ரெக்ஸின். "இது என்ன பெரிய வேலை, நாமே ஒட்டிடலாம்" என்றுதான் நினைத்தோம். ஒட்டினோம். கொப்புளம், சுருக்கம், மூலையில் கிழிசல். தலை குனிந்தபடி குஷன் கடை அண்ணனிடம் போனோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பெட்டியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கத்தி மாதிரி இருக்கு. ரெக்ஸின் எப்படிங்க தாங்கும்? ஸ்குரூ தலையெல்லாம் அப்படியே தெரியுதே" என்றார். விளிம்பை உருட்டி, ஸ்குரூ குழிகளில் பட்டி வைத்து, உப்புத்தாள் போடச் சொன்னார். பிறகு பலகையிலும் துணியிலும் இரண்டு பக்கமும் ரப்பர் பசை. "தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அதுவரைக்கும் பொறுங்க." நடுவில் ஆரம்பித்துக் காற்றை ஓரத்துக்குத் தள்ளி இழுக்க வேண்டும். ஸ்பீக்கர் ஓட்டையில் துணியை வட்டமாக வெட்டக் கூடாது. நடுவிலிருந்து சூரியக் கதிர் மாதிரி கீறி, ஒவ்வொரு துண்டாக உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். சாமான் உரசும் பக்கவாட்டுக்கு கார்பெட், பார்வைக்குத் தெரியும் முன்பக்கத்துக்கு ரெக்ஸின், தையல் எல்லாம் அடிப்பக்கம். பசையின் வாடை தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். அதனால் திறந்த இடத்தில்தான் வேலை. பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்க விடமாட்டார். இதில் ஒரு வரிகூட நம் சிலபஸில் இல்லை. அன்றைக்கு அவர்தான் எங்களுக்கு லெக்சரர்.

உண்மையில் பயந்தது ஒயரைப் பார்த்தபோதுதான். முன்பு மாட்டிக் கொடுத்தவர் பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஃபியூஸே இல்லாமல் இழுத்திருந்தார். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லை. ஒயரின் தோல் பாதி தேய்ந்திருந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அதாவது செம்பு பூசிய அலுமினியம்! 400 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் முழு சத்தத்தில் 36 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒயர் பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகாது, கார்தான் போகும். மாமா அந்த காரில்தான் தினமும் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றுகிறார். நல்ல செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ், துளைக்கு ரப்பர் வளையம் எல்லாம் போட்டோம். ஸ்பீக்கரோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ வரும் பெட்டியை போல்ட் போட்டு இறுக்கினோம். சடன் பிரேக்கில் அது பின்சீட்டுக்காரர் முதுகுக்கு வந்தால் பாட்டா முக்கியம்?

மாமா பாட்டைப் போட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வால்யூமைக் குறைத்தார். "இப்பத்தான்பா பாட்டு கேக்குது" என்றார். கவனியுங்கள், குறைத்தார்! நல்ல பெட்டிக்குக் கத்த வேண்டிய அவசியமில்லை.

"ஊர் தூக்கத்தைக் கெடுக்கிற வேலையை நீ புகழலாமா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலை 15 நிமிடம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் வரையறை. கணக்குத் தெரிந்தவன் சத்தத்தைக் கூட்ட மாட்டான், கசிவை அடைப்பான்.

"பணக்கார வீட்டுப் பையன் விளையாட்டு இது" என்றும் சிலர் சொன்னார்கள். கார் வைத்திருப்பவர் வேண்டுமானால் பணக்காரராக இருக்கலாம். பெட்டி செய்கிறவரும் ரெக்ஸின் ஒட்டுகிறவரும் உழைப்பாளிகள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் ரிச்சி தெருவுக்கும் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், எத்தனை குடும்பங்கள் இந்தத் தொழில்களில் சாப்பிடுகின்றன என்று. அங்கே கணக்கும் கையும் சேர்ந்த ஒரு டிப்ளமோக்காரனுக்கு இடம் இல்லாமலா போகும்?

நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இ.சி.இ. பையன்கள் சேர்ந்து ஒரே புராஜெக்ட் செய்ய அனுமதி கேளுங்கள். ஒரு ஊஃபர் பெட்டிக்கே மூன்று துறையும் தேவைப்படுகிறது. இரண்டு, சனிக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவைக்கக் கேளுங்கள். மூன்று, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் ஒரு முறையாவது ஒரு குஷன் கடை அண்ணனை உட்கார வையுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் எக்ஸ்டர்னலை ஏமாற்றலாம். நம்மையேகூட ஏமாற்றலாம். ஆனால் கசிகிற பெட்டி யாரையும் ஏமாற்றாது. கூம்பை அழுத்தி விட்டால் 'டக்' என்று உண்மையைச் சொல்லிவிடும். ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே, அடுத்த வருடம் அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பலகையை வாங்கி அறுத்துப் பாருங்கள். பிளந்தால் பிளக்கட்டும். இரண்டாவது பலகை நன்றாக வரும்!

— மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.